கப்ரேரா தீவுக்கு ஒரு பகல் படகுப் பயணம்: முழுமையான வழிகாட்டி

முதல் முறை ஸ்பெயினின் கப்ரேரா தீவைப் பார்க்கப் போனபோது தீவில் கால் வைக்காமலே ஊர் திரும்பினேன். காலை எட்டரைக்கே படகுத்துறைக்கு வந்துவிட்டோம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. துறைக்குள் தண்ணீர் தாம்பாளத்தில் ஊற்றி வைத்த மாதிரி அசையாமல் கிடந்தது. ஆனால் டிக்கெட் கொடுக்கும் பெண் தலையை ஆட்டி, "இன்றைக்குப் படகு போகாது" என்றார். அலைத்தடுப்புச் சுவரின் முனை வரை நடந்து போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெளிக்கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை. அதற்கு அப்பால் தீவு தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் காலை எங்களுக்கு விமானம்.

இரண்டாவது முறை நான்கு நாட்கள் கையில் வைத்துக்கொண்டு போனேன், பார்த்துவிட்டு வந்தேன். இந்த மாதிரி தீவுக்குப் போகிறவர்கள் தேதியைத் தங்கள் வசதிக்கு முடிவு செய்ய முடியாது. அதைக் காற்றுதான் முடிவு செய்யும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதை வைத்துத்தான்.

எந்தத் தீவு, ஏன் இன்னும் காடாக இருக்கிறது

ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் பெரியது மயோர்கா. அதன் தென்முனையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் கடல் தாண்டினால் கப்ரேரா. பெயருக்கு ஆட்டுத் தீவு என்று அர்த்தம். சுற்றியுள்ள குட்டித் தீவுகளையும் பாறைத் திட்டுகளையும் சேர்த்தால் 19 வரும். பெரிய தீவே 11 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஊர் கிடையாது, கடைத்தெரு கிடையாது, கடற்கரையில் வாடகைக்குக் குடை கிடையாது. அலெப்போ பைன் மரங்கள், காட்டு ஒலிவம், சுண்ணாம்புப் பாறை, மொட்டைக் குன்றுகள், அவ்வளவுதான்.

பக்கத்திலேயே மயோர்காவில் கோடைக்குக் கோடை ஓட்டல்கள் நிரம்பி வழியும்போது இது மட்டும் எப்படித் தப்பியது? குடிதண்ணீர் குறைவு, அது முதல் காரணம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு குடும்பம் இங்கே திராட்சை பயிரிட்டு, மது சேர்த்து வைக்க ஒரு கட்டடம்கூட எழுப்பியது. 1916இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ராணுவம் தீவை எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் போர்ப்பயிற்சிக்களம். ராணுவம் இருந்ததால் ஓட்டல்காரர்கள் வரவில்லை, ஆனால் குண்டுகள் வெடித்தன. மயோர்காவின் பறவை ஆர்வலர் அமைப்பான கோப், அதோடு இன்னும் பலர் சேர்ந்து நீண்ட காலம் போராடி, 1991இல் இதைத் தேசியப் பூங்காவாக அறிவிக்க வைத்தார்கள். 2019இல் பூங்காவின் பரப்பு சுமார் 10,000 ஹெக்டேரிலிருந்து 90,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்தது. அதில் பெரும்பகுதி கடல். கரையைத் தொடுவதற்கு வெகு முன்பே நீங்கள் பூங்காவுக்குள் வந்துவிடுகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். படகிலிருந்து ஒரு காகிதம் பறந்தாலும் அது பூங்காவுக்குள்தான் விழும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

படகுகள் வசந்தத்திலிருந்து அக்டோபர் வரை ஓடும். என் தேர்வு ஜூன். பகல் நீளம், கடல் ஓரளவு அமைதி, கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது. மே மாதத்தில் பூக்கள் அழகு, ஆனால் தண்ணீர் நமக்குச் சில்லென்று இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கடல் வெதுவெதுப்பாக 26 டிகிரி வரை போகும், அதே சமயம் படகில் இடம் கிடைப்பது சிரமம், தீவின் பழைய கோட்டைக்கு ஏறும் பாதையில் வெயில் மண்டையைப் பிளக்கும்.

பறவை பார்க்கிறவர்கள் மட்டும் செப்டம்பருக்குப் போங்கள். எலியனோரா வல்லூறு என்று ஒன்று. மற்ற பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரிக்க, இது கோடை முடியும் வரை காத்திருக்கும். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும் சிறு பறவைகள் கடல் தாண்டிக் களைத்து வரும் நேரத்தில் தன் குஞ்சுகளுக்கு இரை பிடிக்கும். அப்புறம் தானும் மடகாஸ்கர் பக்கம் போய்விடும். பாறை விளிம்பில் அது காற்றோடு சாய்ந்து திரும்புவதைப் பார்க்க ஒரு தொலைநோக்கி கட்டாயம். ஆனால் செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கும் இலையுதிர்கால மழைப்புயல்களையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 2: துறைமுக ஊரிலேயே தங்குங்கள்

படகு கிளம்பும் முக்கிய இடம் கொலோனியா தெ சான்ட் ஜோர்டி. மயோர்காவின் தலைநகர் பால்மாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரத்துக்குள். பால்மாவின் எஸ்பானியா சதுக்கத்துக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நிலையத்திலிருந்து பேருந்தும் உண்டு. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா போதும். மாட்ரிட், பார்சிலோனா போன்ற ஊர் வழியாகப் பால்மாவுக்கு விமானம் மாறலாம், பார்சிலோனாவிலிருந்து கப்பலிலும் வரலாம்.

பால்மாவில் தங்கி ஒரே நாளில் போய்வரலாம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். வேண்டாம். குறைந்தது மூன்று இரவு இந்தச் சிறு ஊரில் தங்குங்கள். வந்த மறுநாள் காலைக்கே படகு பதிவு செய்துவிட வேண்டும். மீதி நாட்கள் காற்றுக்காக ஒதுக்கியவை. நாங்கள் முதல் முறை செய்த தவறு, படகை விடுமுறையின் கடைசி நாளுக்கு வைத்தது. கடைசி நாளில் வைத்தால் படகு நின்றுபோனதும் எல்லாமே போச்சு.

படி 3: எந்தப் படகு

இரண்டு வகை. ஒன்று, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் முழுநாள் படகு. இன்னொன்று, அரை மணி நேரத்தில் பறந்து போகும் வேகப்படகு. அது பெரும்பாலும் தீவைச் சுற்றிக் காட்டி, கொஞ்ச நேரம் இறக்கிவிட்டு, அரை நாளில் கூட்டி வந்துவிடும். முழுநாள் படகையே எடுங்கள். இவ்வளவு தூரம் வந்து தீவில் ஒன்றரை மணி நேரம் நிற்பது, கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் வருவதற்குச் சமம்.

பதிவு செய்யும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். தீவில் இறங்கி எத்தனை மணி நேரம் கிடைக்கும்? திரும்பும்போது நீலக் குகைக்குப் போவார்களா? காற்றால் படகு நின்றால் பணம் திரும்புமா, இல்லை நாள் மாற்றித் தருவார்களா? டிக்கெட்டில் சாப்பாடு சேர்த்தியா? மூன்றாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சொந்தப் படகிலோ வாடகைப் படகிலோ போகலாமா என்றால், போகலாம், முன்கூட்டியே பூங்காவின் அனுமதி வேண்டும். நங்கூரம் போட முடியாது. பெரிய துறையில் இருக்கும் 50 மிதவைகளில் ஒன்றில்தான் கட்ட வேண்டும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் தண்ணீருக்கடியில் இருக்கிறது. பொசிடோனியா என்ற கடல்புல். பார்க்கப் பாசி மாதிரி இருந்தாலும் வேர், இலை, பூ, காய் எல்லாம் உள்ள செடி. மீன்குஞ்சுகள் வளர்வது இதன் நடுவேதான். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே படரும். ஒரு நங்கூரம் ஒரு நிமிடத்தில் பிய்த்தெறிவது மறுபடி வளர ஒரு ஆயுள் ஆகும். தீவின் மணலில் பழுப்பு நாடா போல மேடுமேடாகக் குவிந்து கிடப்பதும் இதன் உதிர்ந்த இலைதான். குப்பை என்று முகம் சுளிக்காதீர்கள். குளிர்காலப் புயலில் மணல் அரித்துப் போகாமல் அதுதான் காக்கிறது.

படி 4: காற்றைப் படியுங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். காற்றுக்கு நாம் திசைக்கொரு பெயர் வைத்திருப்பது போல அவர்களும் வைத்திருக்கிறார்கள். நம் வாடை அங்கே திரமுந்தானா. கிழக்கிலிருந்து வரும் கொண்டல் அங்கே யெவாந்த். தென்றல் வரும் திசையிலிருந்து வீசுவது மிஜோர்ன். துறைமுகக்காரர்கள் இந்தப் பெயர்களில்தான் பேசுவார்கள், தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரியும்.

கொலோனியா இருப்பது மயோர்காவின் தென்கரை. வாடைக்காற்று நிலத்தின் மேல் வந்து கடலில் இறங்கும். அதனால் துறைக்குள் தண்ணீர் அசையாது. கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக அலை எழும்பும். அன்று எங்களை ஏமாற்றியது இதுதான். துறையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், வெளிக்கடலுக்கான முன்னறிவிப்பைப் பாருங்கள். ஸ்பெயினின் வானிலைத் துறையான ஏமெட் கடலோரப் பகுதிகளுக்குத் தனியாக அறிக்கை தருகிறது. விண்டி செயலியில் காற்றையும் அலையையும் மணிக்கு மணி பார்க்கலாம்.

நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. காற்று 10 நாட் வரை (நாட் என்பது கடலில் வேகத்தை அளக்கும் அலகு, ஒரு நாட் மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) என்றால் சந்தோஷமாகப் போகலாம். 11 முதல் 16 நாட் வரை என்றால் படகு போகும், ஆனால் வயிறு புரட்டும் வழக்கம் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். 17க்கு மேல் காட்டினால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். அலையின் உயரத்தோடு, இரண்டு அலைக்கு நடுவே எத்தனை வினாடி என்பதையும் பாருங்கள். மத்தியதரைக் கடலின் அலை குட்டையானது, அடுத்தடுத்து வரும். நான்கு வினாடிக்கு ஒன்றாக வரும் ஒரு மீட்டர் அலை, நம் ஊர்ச் சாலையில் வேகத்தடைமேல் பேருந்து போகிற மாதிரி தூக்கித் தூக்கிப் போடும்.

கோடையில் இன்னொன்று உண்டு. நிலம் சூடாகி மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று எழும்பும், அதற்கு எம்பாட் என்று பெயர். காலைப் பயணம் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், சாயங்காலம் ஆட்டம் காணும். அதனால் வாந்தி மாத்திரை எடுப்பவர்கள் போகும்போது மட்டும் போட்டுக்கொண்டு நின்றுவிடாதீர்கள். திரும்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இன்னொன்று தேவைப்படலாம். எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். படகின் நடுப்பகுதியிலோ பின்பகுதியிலோ உட்கார்ந்து, போனைப் பார்க்காமல் தொடுவானத்தையே பாருங்கள்.

சரி, படகு இல்லை என்றே சொல்லிவிட்டால்? ஊரிலேயே பூங்காவின் பார்வையாளர் மையம் இருக்கிறது, கப்ரேராவைச் சுற்றியுள்ள கடல் உயிர்களின் மீன்காட்சித் தொட்டிகளோடு. கரையோரமாக நடந்தால் கட்டடமே இல்லாத மணல்வெளிகள், அப்புறம் எஸ் திரெங்க் கடற்கரை, அதன் பின்னால் உப்பளங்கள். கிழக்குக் காற்று நாள் என்றால் மயோர்காவின் மேற்குக் கோடியிலிருக்கும் சான்ட் எல்ம் போய், அங்கிருந்து சின்னப் படகில் திராகொனேரா தீவுக்குப் போகலாம். 1977இல் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அந்தத் தீவில் போய் உட்கார்ந்து, குடியிருப்புகள் கட்டும் திட்டத்தை எதிர்த்த கதை தனியாக எழுத வேண்டியது.

படி 5: பையில் என்ன

முதலில் தண்ணீர். ஆளுக்கு மூன்று லிட்டர். இது ஏன் என்பதற்குக் கப்ரேராவே பதில் சொல்லும். 1808இல் பைலேன் போரில் ஸ்பெயினிடம் தோற்ற நெப்போலியன் படைவீரர்களை எங்கே வைப்பது என்று தெரியாமல், அடுத்த ஆண்டு ஆயிரக்கணக்கில் இந்தத் தீவில் கொண்டுவந்து விட்டார்கள். சிறைக்கூடம் கிடையாது. கடல்தான் சுவர். குடிக்க ஒரு சிறு ஊற்று, அதற்கு முன்னால் நாள் முழுக்க வரிசை. சாப்பாடு பால்மாவிலிருந்து நான்கு நாளுக்கு ஒரு முறை படகில் வர வேண்டும். 1810இல் ஒரு முறை படகு வரவேயில்லை. பலர் பட்டினியில் செத்தார்கள். 1814இல் விடுதலை வந்தபோது, கொண்டுவந்து விட்டவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே உயிரோடிருந்தார்கள். துறைக்கருகே இப்போது சிறு சிற்றுண்டிக் கடை ஒன்று உண்டு, ஆனாலும் அதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள்.

சாப்பாட்டை முதல் நாள் மாலையே வாங்கி வைத்துவிடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பா அம்ப் ஓலி சரியாக இருக்கும். ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, ஒலிவ எண்ணெயும் உப்பும் போட்டது. பன்றி இறைச்சி வைக்காமல் கேட்டு வாங்குங்கள். குடைமிளகாய், தக்காளி, வெங்காயம் பரப்பிச் சுட்ட கோகா என்ற தட்டை ரொட்டியும் நல்லது. ஒரு எச்சரிக்கை. என்சைமாதா என்று சுருள் சுருளாக, மேலே சர்க்கரை தூவிய பன் எல்லாக் கடையிலும் கண்ணில் படும். இனிப்புத்தானே என்று வாங்கிவிடாதீர்கள். அதன் பெயரிலேயே உள்ள சைம் என்பது பன்றிக் கொழுப்பு.

மற்றவை சட்டென்று: பிடிப்புள்ள ஷூ, கயிறு வைத்த தொப்பி, முழுக்கை நீச்சல் சட்டை, நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடி, திரும்பும்போது போட ஒரு மெல்லிய ஜாக்கெட், போனில் முன்பே பதிவிறக்கி வைத்த வரைபடம். போன் சிக்னலை நம்ப வேண்டாம். குப்பைக்கு ஒரு காலிப் பை. தீவில் குப்பைத்தொட்டி தேடாதீர்கள், பழத்தோல் வரை எல்லாம் உங்களோடு திரும்பி வர வேண்டும்.

படி 6: இறங்கியதும் நேராகக் கோட்டைக்கு

படகு நுழையும் துறை கிட்டத்தட்ட முழு வட்டம், கடல் எங்கேயிருந்து உள்ளே வந்தது என்றே தெரியாது. இறங்கிய உடனே எல்லோரும் கடற்கரைப் பக்கம் ஓடுவார்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் போங்கள். துறையிலிருக்கும் பூங்கா அலுவலகத்தில் வரைபடம் பார்த்து, எந்தப் பாதை இன்று திறந்திருக்கிறது, எதற்கு அனுமதியோ வழிகாட்டியோ வேண்டும் என்று கேட்டுவிட்டு, வெயில் ஏறும் முன் கோட்டைக்கு ஏறிவிடுங்கள். அரை மணி நேர நடை.

14ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் கட்டிய கோட்டை இது. சின்னதுதான். உள்ளே குறுகிய படிக்கட்டு, ஓர் ஆள் மட்டும் ஏறலாம். சுவரில் கைதிகள் கீறிய எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். என் கண்ணில் பட்ட ஒன்றில் முதலெழுத்து ஆழமாக, அழுத்தமாக இருந்தது. போகப் போகக் கீறல் மெலிந்து, கடைசி எழுத்து விரலால் தடவினால்தான் தெரியும் போலிருந்தது. தடவவில்லை. கல் மென்மையானது, தொடத் தொடத் தேயும். உச்சியில் நின்றால் வடக்கே மயோர்கா ஒரு கோடாகத் தெரியும். ஐந்து வருடம் கைதிகள் அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

கீழே இறங்கி, துறையைச் சுற்றி எஸ்பல்மடோர் கடற்கரை வழியாக உள்ளே நடந்தால் எஸ் செல்யேர். முன்னால் சொன்ன திராட்சைமதுக் கட்டடம், இப்போது அருங்காட்சியகம். அதற்கருகே பைன் மரங்களுக்கு நடுவே, இறந்த கைதிகளுக்காக 1847இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுத்திய நினைவுத்தூண். ஒரு பக்கம் நடக்க முக்கால் மணி வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு முனையிலிருக்கும் என்சியோலா கலங்கரை விளக்கம் அழகானதுதான், ஆனால் போய்வர நாளின் பெரும்பகுதி போய்விடும். முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

நினைவுத்தூணுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தேன். பொட்டலச் சத்தம் கேட்டதுமே ஒரு பல்லி வந்தது. முதுகு கரும்பச்சை, விலாவில் நீலப் புள்ளிகள். என்னிடமிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. கல்லில் சொட்டியிருந்த தக்காளிச் சாற்றை மெல்லிய நாக்கால் இரண்டு முறை தொட்டது. பிறகு என் ஷூ நிழலுக்குள் வந்து வயிற்றைக் கல்லோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. தொண்டை மட்டும் துடித்தது. நான் காலை நகர்த்தாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சர்கந்தானா என்று உள்ளூரில் சொல்வார்கள். பலேரிக் தீவுகளுக்கு மட்டுமே உரிய இனம். மயோர்காவின் பெருநிலத்தில் முற்றிலும் அழிந்துவிட்டது, மனிதர்கள் கொண்டுவந்த பூனை, மரநாய் போன்றவை தின்று தீர்த்துவிட்டன. சுற்றியுள்ள குட்டித் தீவுகளில்தான் மிச்சம், அதிலும் கப்ரேராக் கூட்டத்தில்தான் அதிகம். பயம் தெரியாமல் வளர்ந்த பிராணி, அதனால்தான் கிட்டே வருகிறது. பூவில் தேன் குடித்து மகரந்தம் பரப்பும் வேலையும் செய்கிறது. செல்லப்பிராணிகளைத் தீவுக்குக் கூட்டி வரக் கூடாது என்ற விதி எதற்கென்று இதைப் பார்த்தால் விளங்கும். அதற்குத் தீனி போடாதீர்கள், பிடிக்காதீர்கள். பாதையை விட்டு இறங்குவது, கல்லோ சிப்பியோ எடுப்பது, நெருப்பு மூட்டுவது, மீன் பிடிப்பது, கூடாரம் போடுவது எல்லாமே தடை.

அப்புறம் நீச்சல். கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையை உள்ளே விட்டால் போதும், கடல்புல்லின் மேல் மீன்கூட்டம் திரும்புவது தெரியும். ஊதா நிற ஜெல்லி மீன் சில நாட்களில் வரும். கொட்டிவிட்டால் நல்ல தண்ணீரில் கழுவாமல், தேய்க்காமல், கடல்நீரிலேயே கழுவுங்கள். எரிச்சல் அடங்காவிட்டால் படகுக்காரரிடம் சொல்லுங்கள். அவசரத்துக்கு எண் 112. படகு கிளம்பும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே துறையில் இருங்கள்.

படி 7: நீலக் குகை, பிறகு கரை

சா கோவா ப்ளாவா என்னும் நீலக் குகைக்குப் படகுகள் திரும்பும் வழியில் போவதற்குக் காரணம் உண்டு. பிற்பகல் சூரியன் சாயும்போதுதான் ஒளி தண்ணீருக்குள் இறங்கி, அடியிலிருக்கும் மணலில் பட்டு மேலே திரும்பும். இறங்கி நீந்த விட்டால் தயங்காமல் குதியுங்கள். நீருக்கடியில் கையை நீட்டிப் பார்த்தேன். மணிக்கட்டு வரை விளக்குப் போட்ட மாதிரி நீலம், தண்ணீருக்கு மேலே தோள் கறுப்பு. விரல்களை அசைத்தால் இடுக்கு வழியாக வெளிச்சம் வழிந்தது. நீச்சல் தெரியாதவர்களும் படகிலிருந்தே சுவரில் ஆடும் நீலத்தைப் பார்க்கலாம். குகைக்குள் சத்தம் போட வேண்டாம், பாறையைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

வெளியே வந்ததும் எம்பாட் வீசத் தொடங்கியிருக்கும். ஜாக்கெட்டை அப்போதே போட்டுக்கொள்ளுங்கள், உப்புத்தண்ணீர் காய்ந்த உடம்பில் அந்தக் காற்று குளிரும். கரை இறங்கும்போது சாயங்காலம் ஆகிவிடும். பால்மாவுக்குத் திரும்ப வேண்டியவர்கள் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். ஊரிலேயே தங்குகிறவர்கள் அந்தக் குப்பைப் பையைத் துறை ஓரத் தொட்டியில் பிரித்துப் போட்டுவிட்டு, அலைத்தடுப்புச் சுவரின் முனை வரை ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். இருட்டும் வரை தீவு அங்கிருந்து தெரியும்.